மூதூர்ச் சஹனில் மிஞ்சிய சோறு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுகிற ஆள் இல்லை நான். ஓ.எல். பரீட்சை வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியவை எல்லாம் லீவுக் கடிதங்கள்தான். ஆஸ்பத்திரியில் நம்முடைய பிரிவுக்குப் புதிய உதவியாளர்களாக நீங்கள் சிலர் வந்திருக்கிறீர்கள் என்றும், வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றும் பிரிவுக்குப் பொறுப்பான மிஸ் கேட்டபோது, பத்துப் பேர் முன்னால் நிற்க எனக்கு ஏலாது, எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பினேன். இப்போது கதிரையில் இருந்து எழுதும்போது, நின்று பேசியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று படுகிறது. முதுகு வலிதான் என்னை வேளைக்கே ஓய்வு பெற வைத்தது. அது எழுதுவதற்கும் இடம் கொடுக்கவில்லை. ஆகையால் நீட்ட மாட்டேன்.

நம்முடைய பிரிவின் வாசலில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று பலகை தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு வேலை கேட்டு வந்தவர்கள் உண்டு. ஒரு பெடியன் சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, சான்றிதழ்களை பைலில் போட்டுக்கொண்டு வந்து, பாரிசவாதக்காரரோடு வரிசையில் மதியம் வரை இருந்தான். மிஸ் அவனைக் கூப்பிட்டு, "உங்களுக்கு எந்தக் கை ஏலாது?" என்று கேட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. சிரிக்க வேண்டாம். வந்த புதிதில் எனக்கும் இந்த இடம் என்னவென்று தெரியாது. நோய், வருத்தம் வந்த ஆள் திரும்பவும் தானே குளிக்க, உடுக்க, சாப்பிட, தேத்தண்ணி ஊற்ற, கடைசியில் தன் வேலைக்குத் திரும்பிப் போகப் பழக்குகிற இடம் இது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் மாதக்கணக்கு எடுக்கிறது.

நோயாளரைத் தள்ளிக்கொண்டு வருவது, சாமான்களை எடுத்துக் கொடுப்பது, துடைப்பது எல்லாம் உங்களுக்குத் தானாகப் பழகிவிடும். பழகாதது ஒன்று இருக்கிறது. ஒரு மனிசன் ஒரு பட்டனோடு அரை மணித்தியாலம் போராடுவான். வேர்வை வடியும். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், கையை நீட்டக் கூடாது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அதுதான் களைப்பு. மூட்டை தூக்குகிறவனுக்கும் அந்தக் களைப்பு வராது. நம்முடைய சனத்தில் வருத்தக்காரனைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பவனை மனிசன் என்றே சொல்ல மாட்டார்கள். தோப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாவின் மகன் ஒரு நாள் என்னிடம், "அண்ணை, நீங்கள் சம்பளம் வாங்கிறது பார்த்துக்கொண்டு நிக்கவோ?" என்று கேட்டே விட்டான். மிஸ் அவனைச் சாப்பாட்டுப் பார்சல் வாங்கக் கடைக்கு அனுப்பினார். மிஸ் எப்போதும் அப்படித்தான். கூட வந்த ஆளை முதலில் வெளியே அனுப்புவார். பிறகுதான் நோயாளியைப் பார்ப்பார்.

நான் சொல்ல வந்த சம்பவம் நடந்தபோது மிஸ் இல்லை. ஏதோ பயிற்சிக்குக் கொழும்புக்குப் போயிருந்தார். கஜன் இருந்தான்.

கஜன் நாலாம் வருட மாணவன். வவுனியாப் பக்கம். இந்தப் படிப்பில் பட்டம் எடுக்கக் கடைசிப் பயிற்சிக்கு இங்கே அனுப்பியிருந்தார்கள். உப்புவெளியில் என் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் அறை எடுத்திருந்தான். காலையில் ஒரே பஸ். இருக்க இடம் கிடைத்தால் உடனே நித்திரை. இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே நித்திரை. விழித்திருக்கும் நேரத்தில் கதைப்பான்.

"அண்ணை, முதல் வருசம் எலும்பு முழுக்கப் பாடமாக்கினம். இரண்டாம் வருசம் மூளை. மூன்றாம் வருசம் தச்சு வேலை, தையல், கூடை பின்னல். அம்மா போனில கேக்கிறா, 'தம்பி, கூடை பின்னவோ உன்னைக் கம்பஸுக்கு விட்டனாங்கள்?' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"வீட்டில ஒரு கூடை குறையுதெண்டா சொல்லுங்கோ, அனுப்பி விடுறன் எண்டன்."

அந்தப் பயிற்சியில் ஒரு நோயாளியைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அவனே பார்க்க வேண்டும். முடிவில் கம்பஸிலிருந்து விரிவுரையாளர் வருவார். அந்த ஆளுக்கு என்ன குறை, என்ன செய்தேன், அவர் இனி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அவர் முன்னால் சொல்ல வேண்டும். அவர் திருப்திப்படாவிட்டால் பயிற்சி முடிந்ததாகக் கணக்கில்லை. கூடப் படித்தவர்கள் பட்டத்தோடு வேலைக்குப் போக, இவன் திரும்பவும் இருக்க வேண்டும். அப்பா இல்லாத வீடு. தங்கச்சி படிக்கிறாள். அவன் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

அவனுக்குக் கிடைத்த ஆள் மூதூர் சலீம் காக்கா. அண்ணன் என்பதை முஸ்லிம் ஆட்கள் காக்கா என்பார்கள்.

காக்கா குடாவின் எதிர்க்கரையில் இருக்கும் மூதூருக்கும் நம்முடைய பட்டினத்துக்கும் இடையில் படகு ஓட்டியவர். சொந்தப் படகு. வியாபாரிகள், கிளினிக்குக்கு வருகிறவர்கள், கலியாண வீட்டுச் சனம் எல்லாரையும் குடாவைக் கடந்து கொண்டுவந்து இறக்குவார். ஒரு நாள் காலையில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நம்மிடம் வரும்போது ஆளைத் தூக்கித்தான் இறக்கினோம். கஜன் அவரை எழுப்பி நிறுத்தினான். பட்டன் பூட்டப் பழக்கினான். கயிறு முடியப் பழக்கினான். வாங்கைப் படகின் விளிம்பாக நினைத்து ஏறி இறங்க வைத்தான். இயந்திரத்தின் கைபிடி அளவுக்கு மரத்தில் ஒரு கைபிடி செய்து கொடுத்து, அதை இடது கையால் பிடிக்க வைத்தான். காக்கா அவனை டொக்டர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"நான் டொக்டர் இல்ல காக்கா."

"டொக்டர் இல்லாட்டி என்ன மகன்? அவர் எனக்கு ஊசி குத்தினார், நீங்க பட்டன் குத்தப் பழக்கினீங்க. எனக்கு எது பெரிசு?"

சில வருத்தக்காரருக்கு ஒரு பக்கம் உலகத்திலேயே இல்லாமல் போய்விடும். கண்ணில் பிழை இருக்காது. மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காது. காக்காவுக்கு அது இருக்கிறதா என்று கஜன் சோதித்தான். கடதாசி நிறையக் கோடுகள் கொடுத்து எல்லாவற்றையும் பேனையால் குறுக்கே வெட்டச் சொன்னான். மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னான். காக்கா ஆறுதலாக, அவசரப்படாமல், வாத்தியாருக்கு முன்னால் இருக்கும் பிள்ளை மாதிரி, ஒன்று விடாமல் செய்து கொடுத்தார். வீட்டுச் சாப்பாட்டை வரவழைத்துச் சாப்பிடவும் வைத்துப் பார்த்தான். காக்காவின் மனைவி, அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடுவேன், சோற்றுக் கோப்பையில் போட்டுக் கொடுத்தார். நடுவில் கறி போட ஒருதரம் கோப்பையை எடுத்தார், திரும்ப வைத்தார். கோப்பை காலியானது. கஜன் எழுதிக்கொண்டான்.

விரிவுரையாளர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காக்காவுக்குக் கிளினிக். படகு ஓட்டலாமா என்பதை டொக்டர்தான் முடிவாகச் சொல்வார். ஆனால் நம்முடைய பிரிவு என்ன சொல்கிறது என்று அவர் கேட்பார். கஜன் ஓட்டலாம் என்று சொல்வதாகத்தான் இருந்தான். பஸ்ஸில் எனக்குச் சொல்லிக் காட்டிப் பழகினான். கடைசி வசனத்தில் அவனுடைய குரல் கொஞ்சம் உயரும். அதைக் கேட்க எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காக்கா வீட்டில் சாப்பாடு. நோயிலிருந்து எழும்பியதற்கு ஓதிச் சோறு கொடுக்கிறார்கள், நானும் கஜனும் வராவிட்டால் சோறு இறங்காது என்று காக்கா சொல்லிவிட்டார். எனக்குப் போக விருப்பம் இல்லை. ஞாயிறு ஒன்றுதான் முதுகை நீட்டிப் படுக்கிற நாள். அந்நிய வீட்டில் சாப்பிடுவதென்றால் எனக்குக் கூச்சம். கஜன் தனியே போகமாட்டேன் என்று நின்றான். போனோம். பாலங்களைக் கடந்து மூதூருக்குப் போகும் பஸ்ஸில் வெயில் ஜன்னலால் வந்து மடியில் இருந்தது.

காக்கா எங்களை வீட்டுக்குள் கூட்டிப் போகவில்லை. நேரே கரைக்குத்தான் கூட்டிப் போனார். படகு மணலில் கிடந்தது. புதிதாகப் பச்சைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். மருமகன் ரிபாய் இயந்திரத்தை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். ரிபாய் அமைதியான ஆள். காக்கா விழுந்த பிறகு அவர் கடையை விட்டுவிட்டு மாமனாரோடேயே நிற்கிறார் என்று அறிந்திருந்தேன்.

"செவ்வாய்க்கிழமை டொக்டர் ஓம் எண்டா, புதன் விடிய இறக்கிற," என்றார் காக்கா. "முதல் ஓட்டத்தில நீங்க ரெண்டு பேரும். காசு தந்தா கடலுக்க தள்ளிடுவன்."

கஜன் குடாவைப் பார்த்து, "இதில பயம் ஒண்டும் இல்லையோ காக்கா?" என்று கேட்டான்.

"பயமா? இங்கால இருந்து போகக்குள்ள வலது கைப் பக்கம் பெரிய கடல். இடது கைப் பக்கம் துறைமுகம். சீமெந்துக் கப்பல், கோதுமைக் கப்பல், நேவிக்காரன்ட வேகப் படகு எல்லாம் அங்கிருந்துதான் வெளிக்கிடும். அதப் பாத்துக்கிட்டாச் சரி. நான் கண்ண மூடிக்கிட்டே போவன்."

ரிபாய் சிரிக்கவில்லை. நான் அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு பாய் விரித்தார்கள். சஹன் வைத்தார்கள். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. அதில் சோற்றைக் குவித்து, கறிகளை மேலே வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து அதிலேயே சாப்பிடுவது முஸ்லிம் ஆட்களின் வழக்கம். எங்களுக்காக மாட்டிறைச்சி போடவில்லை, கோழிக்கறிதான் என்று ராத்தா உள்ளிருந்து சொல்லி அனுப்பினார். காக்காவின் இடது பக்கத்தில் ரிபாய். வலது பக்கத்தில் நான். எனக்கு அடுத்தது கஜன். மற்ற இரண்டு பேரும் அயல் வீட்டுக்காரர்கள்.

சாப்பிடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் காக்காவின் விரல்கள் எனக்கு முன்னால் இருந்த சோற்றுக்குள் வந்தன. நான் மரியாதைக்குக் கொஞ்சம் ஒதுங்கினேன். விரல்கள் இன்னும் உள்ளே வந்தன. எனக்கு முன்னால் இருந்த கோழித்துண்டை எடுத்துச் சாப்பிட்டார். கதைத்துக்கொண்டே சாப்பிட்டார். நல்ல கதை, எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் என்னுடைய சோற்றைக் கஜன் பக்கம் ஒதுக்கிச் சாப்பிட்டேன்.

கஜன் என் காதுக்குள் கேட்டான். "அண்ணை, இது எல்லாருக்கும் பொதுவோ? எங்கயும் எடுக்கலாமோ?"

அவன் சஹனில் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் இந்த ஊரில் வளர்ந்தவன், சினேகிதர் வீடுகளில் சில தடவை இருந்திருக்கிறேன். "இல்லைத் தம்பி. அவரவருக்கு முன்னால இருக்கிறதுதான் அவரவருக்கு. மற்ற ஆளின்ர பக்கம் கை போகாது. சின்னப் பிள்ளைக்கும் அதைத்தான் முதல் பழக்குவினம்," என்றேன்.

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். நான் அவன் பார்க்கும் இடத்தைப் பார்த்தேன். காக்காவுக்கு முன்னால் வலது பாதி தகரம் தெரியத் துடைத்திருந்தது. இடது பாதியில் சோறு வைத்தபடி அப்படியே இருந்தது. மேலே ஒரு முழுக் கோழிக்கால். காக்கா அதை விட்டுவிட்டு, என்னுடைய சோற்றைத் தேடி வந்துகொண்டிருந்தார். ரிபாய் கதையைக் கேட்பது போல் தலையாட்டிக்கொண்டே, அந்தக் கோழிக்காலை விரலால் மெல்ல மெல்ல வலது பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் காக்கா அதைக் கண்டு எடுத்துக் கடித்தார். "அட, இதாரு ஒளிச்சு வெச்ச?" என்று பகிடி விட்டார். அயல்காரர் இருவரும் சிரித்துவிட்டு உடனே சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

அவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. மரியாதைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

என்ன வருத்தம் என்று சொல்லத் தெரியாத எனக்கே ஏதோ பிழை என்று விளங்கியது. கஜனுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். பையில் போன் இருந்தது, மிஸ்ஸைக் கேட்கலாம். ஆனால் கை முழுக்கச் சோறு. கேட்டாலும் எங்கே போய்க் கேட்பது? சஹனில் ஒருவர் நடுவில் எழும்பிப் போவதில்லை. சொல்லாமல் விட்டால் புதன்கிழமை விடிய அந்தப் படகு சனத்தோடு போகும். அந்த இடத்தில் சொன்னால், வீட்டுக்காரரை அவருடைய சோற்றுக்கு முன்னால், அயல்காரர் பார்க்க, அவமானப்படுத்துவதாக முடியும். சொல்லிவிட்டால் தன் கடைசி வசனமும் போகும்.

நீங்கள் இதை நினைவில் வைத்திருங்கள். நெருக்கடி என்றால் ஆஸ்பத்திரியில் மணி அடிக்கும், ஆட்கள் ஓடுவார்கள் என்று நினைக்கிறோம். அன்றைக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தயிர்ச் சட்டி கை மாறிக்கொண்டிருந்தது.

கஜன் செய்தது இதுதான். அவன் திரும்பவும் சாப்பிடத் தொடங்கினான். மிக மெதுவாக, பருக்கை பருக்கையாக. மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். இவன் முடிக்கவில்லை. விருந்தாளி சாப்பிடும்போது வீட்டுக்காரர் எழும்ப மாட்டார். காக்கா அயல்காரரைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் எழும்பிக் கையக் கழுவுங்க. பிள்ள ஆறுதலாத் தின்னட்டும். நான் இரிக்கன்," என்றார். அவர்கள் கழுவிவிட்டு முற்றத்துக்குப் போனார்கள். சஹனைச் சுற்றிக் காக்கா, ரிபாய், நான், கஜன் மட்டும். ராத்தா உள் வாசலில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார்.

"காக்கா," என்றான் கஜன். "உங்கட பங்கு முடிஞ்சுதோ?"

"முடிஞ்சி, மகன். வயிறு நிறைஞ்சி."

"சோறு மிஞ்சேல்லையோ?"

காக்கா குனிந்து பார்த்தார். ஆறுதலாகப் பார்த்தார். "எங்க இரிக்கி? தொடச்சிட்டன்."

"ரிபாய் அண்ணை, சஹனை ஒருக்காத் திருப்புங்கோ. கொஞ்சம், வலது பக்கமா."

ரிபாய் அசையவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கஜன் தானே எட்டி, சோறு ஒட்டிய கையால் சஹனின் விளிம்பைப் பிடித்துத் திருப்பினான். தகரம் பாயில் உரசியது. காக்காவின் இடது பக்கம் கிடந்த சோறு சுற்றி வந்து அவருடைய வலது பக்கத்தில் நின்றது.

காக்கா அதைப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு ரிபாயிடம் திரும்பினார்.

"நீதானே தள்ளி வெச்ச?"

"இல்ல மாமா."

"அப்ப எங்கிருந்து வந்த?"

"முதலே இருந்த. உங்கட பக்கந்தான்."

ராத்தா சீலைக்குப் பின்னால் இருந்து பேசினார். "நான்தான் ஒவ்வொரு நாளும் நடுவில கோப்பையத் திருப்பிற. ஆஸ்பத்திரியிலயும் திருப்பினன். பாதிச் சோத்த வெச்சிட்டு எழும்பினா, பாக்கிற சனம் மனிசனுக்கு மூளை கலங்கிட்டு எண்டு சொல்லும். மானத்தோட தின்னட்டும் எண்டுதான் தம்பி."

காக்கா விரலை அந்தச் சோற்றில் வைத்தார், எடுத்தார். உண்மையான சோறுதானா என்று பார்ப்பது போல இருந்தது.

"அப்ப எல்லாருக்கும் தெரியும்," என்றார். "எனக்குத்தான் தெரியா."

"எனக்கும் தெரியாது காக்கா," என்றான் கஜன். "நான் உங்களைச் சோதிச்சனான். சரியெண்டு எழுதி வைச்சனான். நாளைக்குச் சரியெண்டு சொல்ல இருந்தனான். இப்பதான் கண்டனான்."

"கடதாசியில எல்லாம் வெட்டினனே."

"ஓம். கடதாசியில கவனமாத் தேடினீங்கள். வேற வேலை இல்லை. இங்க கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு இருக்கேக்க இடது பக்கம் உங்களுக்கு இல்லாமப் போகுது. கடலிலயும் கதைப்பீங்கள், இயந்திரம் இரையும், வெயில் அடிக்கும்."

காக்கா கஜனை நேரே பார்த்தார். "இந்தக் குடாவில கண்ண மூடிக்கிட்டுப் போவன் எண்டு சொன்னன்."

"ஒரு பக்கம் மூடித்தான் இருக்கு காக்கா. அந்தப் பக்கத்தாலதான் கப்பல் வரும்."

இந்த வசனத்தைச் சொல்லும்போது அவனுடைய குரல் உயரவில்லை. மிகவும் தாழ்ந்து போயிருந்தது. எனக்கு எழும்பி ஓட வேண்டும் போல இருந்தது. அந்தச் சஹனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டால் போதும், எல்லாருக்கும் ஆறுதலாக இருக்கும் என்று கை உன்னியது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நான் அன்றைக்குச் செய்த வேலை அதுதான்.

"அப்ப படகு?"

"இப்ப ஏலாது."

"எப்ப ஏலும்?"

"தெரியாது காக்கா. பழக்கலாம். தலையை இடது பக்கம் திருப்பித் தேடப் பழக்கலாம். சில பேருக்கு வரும். சில பேருக்கு முழுக்க வாறேல்ல. உங்களுக்கு வரும் எண்டு நான் இப்ப சொன்னா அது பொய்."

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனிசன் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு இருக்கிறார். பிறகு பஸ்ஸில் யோசித்தேன். ராத்தாவும் ரிபாயும் நல்லதைத்தான் இவ்வளவு நாளும் செய்துகொண்டு வந்தார்கள். இன்னொருவரும் அதில் சேர்ந்து மறைக்க வேண்டியதில்லை.

காக்கா உள் வாசலைப் பார்த்து, "வட்டிலப்பத்தக் கொண்டு வாங்க. வந்த ஆக்கள் இனிப்பு இல்லாமப் போற இல்ல," என்றார்.

வட்டிலப்பம் வந்தது. நாங்கள் நால்வரும் சாப்பிட்டோம். அதன் ருசி எனக்கு ஞாபகம் இல்லை. வெளிக்கிடும்போது காக்கா வாசலுக்கு வரவில்லை. ரிபாய்தான் பஸ் நிற்கும் இடம் வரை வந்தார். வழியில் அவர் சொன்னார், "நான் பெயின்ற் அடிக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் நினச்சன் தம்பி, யாராவது இதச் சொல்ல மாட்டாங்களா எண்டு. எனக்கு வாய் வரல்ல. மாமனார்." பிறகு எங்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கித் தந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பஸ்ஸில் கஜன் நித்திரை கொள்ளவில்லை. கையை மணந்து பார்த்தான். சோற்று வாசம் போகவில்லை என்றான். பிறகு மிஸ்ஸுக்கு போன் எடுத்தான். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"மிஸ், நான் பிழையாச் சொல்லப் போனனான்."

"சொல்லேல்லத்தானே?"

"இல்லை. ஆனா நாளைக்குச் சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லை. செய்ததெல்லாம் பிழையான இடத்தில வந்து நிக்குது. வீட்டு ஆக்களை வெளியில அனுப்பாமச் சாப்பிட வைச்சுப் பார்த்தனான்."

"அப்ப அதைச் சொல்லுங்கோ. கண்டதைக் கண்டன் எண்டு சொல்லுங்கோ. காணாததைக் காணேல்ல எண்டு சொல்லுங்கோ." மிஸ்ஸின் குரலும் களைத்திருந்தது. "காக்கா என்ன சொன்னவர்?"

"வட்டிலப்பம் தந்தவர்."

"சரி, போய்ப் படுங்கோ," என்றார் மிஸ்.

கஜன் போனைப் பைக்குள் வைத்தான். "அண்ணை, அவர் இனி எங்களிட்ட வருவாரோ?" என்று கேட்டான். வருவார் என்று சொல்ல வாய் வந்தது. எனக்குத் தெரியாது என்றேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கூட வந்தவர்கள் அன்பாகச் செய்யும் உதவியை அன்பாகவே பாருங்கள். அவர்களைக் குற்றவாளி ஆக்காதீர்கள். ஆனால் அந்தக் கை எங்கே போகிறது, எதை நகர்த்துகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்டதை மாணவர்களிடமோ மிஸ்ஸிடமோ சொல்லுங்கள். அதற்கு மேலே என்ன செய்வது என்று படித்தவர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதைத்தான் அவர்கள் நாலு வருடம் படிக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது.

அடுத்த நாள் காலை விரிவுரையாளர் வந்தார். கஜன் சஹனைத் திருப்பியது வரை சொன்னான். அவர் இரண்டு கேள்வி கேட்டார், அந்த ஆளோடு இன்னும் ஒரு தவணை வேலை செய்துவிட்டுத் திரும்பச் சொல்லும்படி சொல்லிவிட்டு, மத்தியானப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். காக்காவுக்கு அன்றைக்குப் பின்னேரம் இரண்டு மணிக்கு நேரம் கொடுத்திருந்தோம். கஜன் மேசையில் சாமான்களை இடது பக்கமாக அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தான். காக்கா வரவில்லை.